பேக்கர் மலை ஓட்டப் பந்தயங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காம் விரிகுடாக் கரைக்கும், அதற்குக் கிழக்கே 10,781 அடி உயர்ந்து நிற்கும் பேக்கர் எரிமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் நடைபெற்றனவும் இன்று நடைபெறுவனவுமாகிய ஓட்டப் பந்தயங்கள் இப்பெயரால் குறிக்கப்பெறும். பசிபிக் சமுத்திரத்திலிருந்து வீசும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதி, தாழ்ந்த இடங்களில் மழையாகவும் உயர்ந்த இடங்களில் பனியாகவும் பொழிகிறது. 1998–99 பருவத்தில் இம்மலையின் பனிச்சறுக்குக் களத்தில் விழுந்த பனி 1,140 அங்குலம். ஒரே பருவத்தில் அளந்து பதிவுசெய்யப்பட்ட அளவுகளில் உலகில் இதுவே மிகுதி என்பர். எனவே சிகரம்வரை ஓட முனைந்தவர் கீழே காட்டுச் சேற்றையும் மேலே பனியாற்றையும் ஒரே மூச்சில் கடக்க வேண்டியவராயினர்.

நூக்சாக் முதலிய பூர்வகுடியினர் இம்மலைச் சரிவுகளில் வேட்டையாடி வந்தனர். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டில் எட்மண்ட் கோல்மன் என்னும் ஆங்கில ஓவியர் தம் துணைவர்களுடன் சிகரத்தை அடைந்தார். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அதுவே.

பந்தயத்தின் சரித்திரம் என்று விரித்துரைக்கத்தக்கது 1911 முதல் 1913 வரையிலான மூன்று ஆண்டுகளே. மலையின் புகழைப் பரப்பவும், அதனைத் தேசியப் பூங்காவாக்கும் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கவும் விரும்பிய பெல்லிங்காம் நகரத்தார், பேக்கர் மலைச் சங்கத்தின் பெயரால் இப்பந்தயத்தை ஏற்படுத்தினர். நகரத்திலிருந்து மலையடிவாரம்வரை வாகனத்தில் செல்லலாம். அங்கிருந்து சிகரத்துக்குக் கால்நடையாக ஏறியிறங்கி, மீண்டும் வாகனமேறி நகரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. மோட்டாரில் ஏறக்குறைய 28 மைல் சென்று டெமிங் பாதையில் ஏறுவது ஒரு வழி. ரயிலில் ஏறக்குறைய 44 மைல் சென்று, கிளேசியர் என்னும் ஊரிலிருந்து ஏறுவது மற்றொரு வழி. முன்னதில் மலைநடை நீளம். பின்னதில் வாகனப் பயணம் நீளம். இவற்றுள் எது விரைவானது என்பதே அந்நாளில் ஊரார் ஓயாது வாதித்த விஷயம்.

1911 ஆகஸ்ட் 10ஆம் நாள் இரவு 10 மணிக்கு, பெரும்பாலும் அவ்வட்டாரத்து உழைப்பாளிகளான 14 பேர் புறப்பட்டனர். கிளேசியர் வழியே சென்ற ஹார்வி ஹாகார்ட் மலையிலிருந்து முதலில் இறங்கிவந்து, தமக்கெனக் காத்திருந்த தனி ரயிலில் ஏறினார். களைத்த அவர் உடம்பை, ஆடை களைந்த நிலையில், உடனிருந்தோர் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கையில், தண்டவாளத்தில் நின்ற காளை ஒன்றின்மீது எஞ்சின் மோதி ரயில் தடம் புரண்டது. ஹாகார்ட் மனந்தளராமல் குதிரை வண்டி, குதிரை, மோட்டார் என்று கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொண்டு நகரம் வந்து சேர்ந்தார்; அவர் எதிலிருந்து எதற்கு மாறினார், வழியில் எத்தனை முறை மயங்கி விழுந்தார் என்பவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறுகின்றனர். அதற்குள் டெமிங் வழியே சென்ற ஜோ கால்பிரெய்த், ஹியூ டீல் ஓட்டிய, பாரங்குறைக்க மேற்பாகங்கள் கழற்றப்பட்ட 'பெட்சி' என்னும் ஃபோர்டு வண்டியில் திரும்பி, 12 மணி 28 நிமிடத்தில் வெற்றி பெற்றிருந்தார். ஹாகார்டுக்கு இரண்டாமிடம். மாண்ட காளை பின்னர் நடந்த விருந்தில் பரிமாறப்பட்டதாகச் சொல்வதுண்டு.

1912இல் ஹாகார்டே வென்றார். 1913இல் கொடிய வானிலைக்கிடையே நடந்த பந்தயத்தில், ஜோவின் உறவினர் விக்டர் கால்பிரெய்த் பனிப்பிளவொன்றில் விழுந்து, பல மணி நேரத்துக்குப்பின் உயிரோடு மீட்கப்பட்டார். விளம்பரத்துக்காகத் தொடங்கிய பந்தயம் உயிர்ப்பலி கொள்ளக்கூடும் என்ற அச்சத்தால் அதன்பின் நடத்தப்படவில்லை. அன்று கோரிய தேசியப் பூங்காவும் அமையவில்லை. 1968இல் வடக்குக் காஸ்கேட்ஸ் தேசியப் பூங்கா உருவானபோதும் பேக்கர் சிகரம் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றது.

அமெரிக்க மலையோட்டப் பந்தயங்களில் இதுவே முதலாவது என்று சிலர் கூறுவர். காட்டுப்பாதை ஓட்டங்களையும் கணக்கிட்டால், கலிபோர்னியக் கடற்கரையில் 1905இல் தொடங்கிய டிப்சீ பந்தயம் இதற்கு முந்தியது. இடையில் நின்றும் தொடர்ந்தும் நெடுங்காலம் நடந்துவருவதைக் கருதினால், அலாஸ்காவில் 1915இல் தொடங்கிய மாரத்தான் மலைப் பந்தயத்துக்குச் சிறப்பு அதிகம். பனியாறு சூழ்ந்த எரிமலையின் உச்சியைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்ற நியதியைக் கொண்டே இதற்கு முதன்மை கோரப்படுகிறது.

அறுபது ஆண்டுகளுக்குப்பின், 1973இல், பழைய பந்தயத்தின் நினைவாக 'ஸ்கி டு ஸீ' என்னும் தொடர்ப் பந்தயம் தொடங்கிற்று. பனிச்சறுக்கு, ஓட்டம், மிதிவண்டி, படகு எனக் குழுவினர் முறைமாற்றி மலையிலிருந்து கடலுக்கு இறங்குவர். சிகர ஏற்றம் இதில் இல்லை. நகரத்துக்குத் தெற்கே சக்கனட் குன்றுகளில் 50 கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டம் 1993 முதல் நடைபெறுகிறது. பழைய பந்தயத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2012இல் வெளிவந்தது.