கஃபரிஞ்ஞா (மட்டக்களப்பு)

கஃபரிஞ்ஞா, மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் கல்யாண வீட்டு ஆடலிசை. வயலின் மெட்டைப் பிடிக்க, மேளம் ஆறுக்கு எட்டுத் தாளத்தில் ஓட, ஆணும் பெண்ணும் சோடி சோடியாக ஆடுவார்கள். பாட்டு இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் இருக்கும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொத்து என்றே இதைச் சொல்வது வழக்கம். காலக்கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவர்கள் இங்கே கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்தாண்டு ஆட்சி ஒரு மரபை இத்தனை தலைமுறைக்குக் கொண்டுவராது. ஒல்லாந்தர் காலத்திலும் கிரியோலே பல இனத்தாரின் பொதுமொழியாக நீடித்தது. ஒல்லாந்த வழிவந்த குடும்பங்களும் அதைப் பேசின. ஆகவே கஃபரிஞ்ஞாவை வளர்த்தது ஆட்சியல்ல, கலப்பு.

ஆபிரிக்க வழிவந்த புத்தளம் சிரம்பியடி மக்களிடமே இதன் மூலம் இருக்கிறது என்று வாதிடலாம். தாளத்தின் உறவை மறுப்பதற்கில்லை. கஃபரிஞ்ஞா என்ற பெயரே ஆபிரிக்கரைச் சுட்டுவது. ஆனால் அவர்களுடைய மஞ்ஞா பாட்டு சிரட்டை, கரண்டி, போத்தல் ஆகியவற்றின் தட்டொலியில் எழுவது. மட்டக்களப்பில் மெட்டை நடத்துவது வயலின். ஒரே ஊற்று இரண்டு ஊர்களில் இரண்டு வடிவம் கொண்டிருக்கிறது. அதே தாளத்தில் பாடகர் வாலி பஸ்தியான் 1940களில் சிங்களப் பாட்டுக் கட்டியதும் பைலா என்ற இசைவகை மேடையேறியது. சிலோன் மனோகர் பாடிய ‘சுராங்கனி’ வழியாகத் தமிழகம் வரை போனது. கஃபரிஞ்ஞாவுக்கு அப்படியொரு மேடை தேவைப்படவில்லை. தச்சரும் கொல்லருமாக இருந்த குடும்பங்களின் கல்யாணங்களே அதைக் காத்தன.

இளையவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், 2004 ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்பார் குடியிருப்பைச் சிதைத்தது, இனி எஞ்சுவது வெறும் கூடுதானே என்பது வலுவான ஆட்சேபம். கிரியோல் போனால் பாட்டின் சொல்லும் போகும் என்பது உண்மை. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ போன்றோர் மொழியோடு பாட்டையும் ஆட்டத்தையும் பதிவுசெய்தது அதனால்தான். ஆனால் மெட்டும் அடவும் ஒருபோதும் ஒரே இரத்தத்துக்கோ ஒரே மொழிக்கோ உரியவையாக இருந்ததில்லை. தமிழ் பேசும் பறங்கி இளைஞர் கல்யாணப் பந்தலில் கஃபரிஞ்ஞா ஆடுவதை மரபின் தேய்வாகக் கருதினால், ஒல்லாந்த வழியினர் கிரியோல் பேசி அதை ஆடியதையும் தேய்வு என்றே சொல்லவேண்டிவரும்.