ஆண்ட்ராய்டு போனை 'ரூட்' செய்யலாமா? கிடைப்பது என்ன, இழப்பது என்ன?

2015 ஆகஸ்டில் ஷாவ்மி நிறுவனம் 'ரெட்மி 2 பிரைம்' என்ற போனை 6,999 ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. அந்த நிறுவனம் இந்தியாவில் தயாரித்த முதல் போன் இதுதான். தயாரான இடம், ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஸ்ரீசிட்டி. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022-ல் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பதி மாவட்டம்.

அந்த போன் ஆண்ட்ராய்டு 4.4 உடன் வந்தது. பின்னர் தன்னார்வலர்கள் உருவாக்கும் 'லீனியேஜ் ஓஎஸ்' மூலம் அதே போனில் ஆண்ட்ராய்டு 7.1 ஓடியது. நிறுவனம் தராத பதிப்பு அது. 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4-ல் வாட்ஸ்அப் வேலை செய்யாது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பழைய போனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

"அப்போ என் போனையும் ரூட் பண்ணிடலாமா?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ரூட் என்றால் என்ன?

உங்கள் போன் உங்களுடையதுதான். ஆனால் அதன் உள்ளே நீங்கள் குடித்தனக்காரர் மாதிரி. அறைகளைப் பயன்படுத்தலாம், சுவரை இடிக்க முடியாது. ரூட் என்பது வீட்டு உரிமையாளரின் சாவி. அது கையில் இருந்தால் சிஸ்டத்தின் எந்த ஃபைலையும் மாற்றலாம், அழிக்கலாம்.

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

பூட்லோடர் அன்லாக்: போன் ஆன் ஆகும்போது, நிறுவனம் கையெழுத்திட்ட மென்பொருளை மட்டுமே ஏற்கும் பூட்டைத் திறப்பது. இதைச் செய்யும்போது போனில் உள்ள எல்லாத் தகவலும் அழிந்துவிடும்.

கஸ்டம் ரோம்: நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துவிட்டு, லீனியேஜ் ஓஎஸ் போன்ற வேறொன்றைப் போடுவது.

ரூட்: உள்ளே இருக்கும் மென்பொருளில் முழு அதிகாரம் பெறுவது. இன்று பெரும்பாலும் 'மேஜிஸ்க்' போன்ற கருவிகளால் செய்கிறார்கள்.

கஸ்டம் ரோம் போட பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட் தேவையில்லை. பழைய போனுக்கு உயிர் கொடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ரூட் அல்ல.

என்ன லாபம்?

நீக்கவே முடியாதபடி வரும் ஆப்களை அடியோடு நீக்கலாம். ஆப்களையும் அவற்றின் தகவலையும் சேர்த்து முழுமையாக பேக்கப் எடுக்கலாம். எல்லா ஆப்களிலும் விளம்பரத்தைத் தடுக்கலாம். பிராசசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஆண்ட்ராய்டு உள்ளே எப்படி இயங்குகிறது என்று கையால் தொட்டுப் பார்க்க இது நல்ல வழி.

ஆனால் முதல் லாபத்துக்கு ரூட் இல்லாமலேயே வழி இருக்கிறது. போனில் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கணினியில் இணைத்து 'ஏடிபி' கட்டளை கொடுத்தால் வேண்டாத ஆப்கள் பலவற்றை உங்கள் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடலாம். விளம்பரத் தொல்லைக்கு, செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' மாற்றினாலே ஓரளவு குறையும்.

என்ன ஆபத்து?

முதல் அடி வங்கி ஆப்களில் விழும். ரூட் ஆன போனா என்று சோதித்து, அப்படியென்றால் ஆப்பை இயங்கவிடாமல் தடுக்கும் வழியை ஆராயும்படி, ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் கட்டணப் பாதுகாப்பு விதிகள் வங்கிகளுக்குச் சொல்கின்றன. கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' என்ற சோதனையும் இருக்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்பதைப் போனின் வன்பொருளிடமே அது கேட்டுத் தெரிந்துகொள்ளும். 2025 முதல் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு உள்ள போன்களில் இது இன்னும் கடுமையாகிவிட்டது. இதை ஏமாற்ற வழிகள் உண்டு. ஆனால் இன்று வேலை செய்வது நாளை செய்யாது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது யுபிஐ திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது, பாதுகாப்பு. சாதாரணமாக ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் தகவலைத் தொட முடியாது. ரூட் அனுமதி பெற்ற ஆப்புக்கு அந்தச் சுவர் கிடையாது. ஓடிபி வரும் எஸ்எம்எஸ், சேமித்த படங்கள், பாஸ்வேர்டு எல்லாமே அதன் கைக்கு எட்டும். 'அனுமதி' என்று ஒரு தடவை தவறாக அழுத்தினால் போதும். 2016-ல் 'ஹம்மிங்பேட்' என்ற தீயமென்பொருள் உலகெங்கும் சுமார் 1 கோடி போன்களில் நுழைந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் சீனாவுக்கு அடுத்து இந்தியா. அது உள்ளே போனதும் செய்யப் பார்த்த முதல் வேலையே போனை ரூட் செய்வதுதான். திருடன் தேடி அலையும் சாவியை நாமே வாசலில் மாட்டி வைக்கலாமா?

மூன்றாவது, போன் செத்துப்போகும் வாய்ப்பு. வேறு மாடலின் ஃபைலை ஏற்றினாலோ, பாதியில் சார்ஜ் போனாலோ போன் ஆன் ஆகாமல் போகலாம். ஐஎம்இஐ எண் இருக்கும் பகுதி கெட்டால் சிம் வேலை செய்யாது. அதைச் 'சரிசெய்கிறேன்' என்று யாராவது வேறு எண்ணைப் போட்டால் அது குற்றம். 2023 தொலைத்தொடர்பு சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

நான்காவது, வாரன்டி. சாம்சங் போன்களில் அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால் 'நாக்ஸ்' என்ற உள் அடையாளம் நிரந்தரமாக மாறிவிடும். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது மாறாது. 'செக்யூர் ஃபோல்டர்' மறுபடி வராது.

யார் செய்யலாம், யார் வேண்டாம்?

வீட்டில் இருப்பது ஒரே போன், அதில்தான் யுபிஐ, கேஸ் புக்கிங், பிள்ளைகளின் பள்ளிச் செய்தி, திருமலை தரிசன டிக்கெட்டுக்கான ஓடிபி எல்லாம் வருகிறது என்றால், வேண்டவே வேண்டாம். அதில் மிச்சமாகும் கொஞ்சம் இடத்துக்கும் வேகத்துக்கும் இது கட்டுப்படியாகாது.

அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய போன், அதில் வங்கிக் கணக்கு இல்லை, கெட்டாலும் பரவாயில்லை என்றால் தாராளமாக முயற்சி செய்யுங்கள்.

செய்வதாக முடிவெடுத்தால்

படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேமியுங்கள். உங்கள் போனின் சரியான மாடல் எண்ணை 'அபவுட் ஃபோன்' பகுதியில் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று மாடல்கள் இருக்கும். திரும்பப் போடுவதற்கு, நிறுவனத்தின் அசல் மென்பொருளை முதலிலேயே இறக்கி வையுங்கள். 'ஒரே கிளிக்கில் ரூட்' என்று சொல்லும் ஆப்களைத் தொடாதீர்கள். வங்கி ஆப்களில் இருந்து வெளியேறி, யுபிஐயை வேறு போனுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "போன் ஆன் ஆகலைன்னா பழையபடி திருப்பித் தருவீங்களா?" தெளிவாக 'ஆமாம்' என்று பதில் வரவில்லை என்றால், போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.