வைகறை வெண்மையும் அந்திச் செம்மையும்

பின்பனி விடைபெற்று இளவேனில் அடியெடுத்து வைக்கும் நாட்களில், சேலம் நாமக்கல் சமவெளியின் விடியலைக் கண்டு மகிழாதார் எவர்? பகல் வெயிலின் கொடுமைக்கு முன்னதாக இறைவன் அருளும் சிறு குளிர்ச்சி அது. கிழக்கே கொல்லிமலையின் முகடு முதலில் கரிய கோடாகத் தோன்றும். அதன்மேல் வெண்மை படரும். வெண்மை மெல்லச் செம்மையாகும். மாலையிலோ காவிரிப் பக்கத்து வானம் சிவக்க, நாமக்கல் கோட்டைப் பாறை கருநிழலாக நிற்கும்.

2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் ரமளான் மார்ச் மாதத்தில் பிறந்தது. ஸஹருக்கு எழுந்தும், நோன்பு திறக்கக் காத்திருந்தும், அந்த வானத்தை நாள்தோறும் இருமுறை காணும் பேறு நமக்கு வாய்த்தது. சந்திர ஆண்டு கதிரவனின் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆகவே நோன்பு ஒரு சுற்றுச் சுற்றி அதே பருவத்திற்குத் திரும்ப 33 ஆண்டுகள் அளவில் ஆகும். ஆயினும் நம்முள் எத்தனை பேர் அந்நாட்களில் வானத்தைப் பார்த்தோம்? சுவரில் தொங்கிய கால அட்டவணையையும் கடிகாரத்தையுமே பார்த்தோம். அவ்வட்டவணையின் எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பெரியவர்களும் விடை சொல்லத் தயங்குவர். அந்த வரலாற்றையே இங்குச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

நோன்பின் தொடக்கத்தை இறைமறை வெள்ளை நூல், கறுப்பு நூல் என்ற உவமையால் உணர்த்துகிறது. அதனைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்ட அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள், இரு நிறக் கயிறுகளைத் தலையணையின் கீழ் வைத்து இரவெல்லாம் பார்த்திருந்தார்கள். அது இரவின் இருளையும் பகலின் வெளிச்சத்தையுமே குறிக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஆகவே வைகறையைக் கண்ணால் அறிவது நம் மார்க்கத்தின் முதல் பாடங்களுள் ஒன்று. மாலை வானத்தைப் பற்றியும் இமாம்கள் நுணுகி ஆய்ந்தனர். மஃரிபின் நேரம் செம்மை மறைவதோடு முடியும் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். செம்மைக்குப் பின் தங்கும் வெண்மையும் மறைய வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். வானத்தை உற்று நோக்கிய சமுதாயத்திலன்றி இத்தகைய கருத்து வேற்றுமை எழ இயலுமா?

கண்ணால் கண்டதைக் கணக்கால் அளக்கவும் முஸ்லிம் அறிஞர் முற்பட்டனர். கதிரவன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது முதல் வெளிச்சம் தோன்றுகிறது? 18 பாகை என்று அல்பிரூனி எழுதினார். ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்திய நாட்டைப் பற்றிய அரிய நூலை முடித்த அதே அல்பிரூனிதான் அவர்.

அக்காலத்தில் ஐரோப்பாவின் தென்கோடியிலும் பாங்கொலி கேட்டது. 711இல் முஸ்லிம்கள் காலடி வைத்த அந்தலூஸ் நாட்டின் கடற்கரையில் மாலகா, அல்மரிய்யா, தானியா முதலிய நகரங்கள் தழைத்திருந்தன. 955இல் அல்மரிய்யாவை நகராக நிறுவியவர் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான். கிழக்கு நோக்கிய தானியாவில் கதிரவன் கடலிலிருந்து எழுவான். மேற்கே காதிஸ் கரையில் கடலிலேயே மறைவான். இன்று அயல்நாட்டுப் பயணிகள் இளவேனிற் காலத்தில் அக்காட்சிகளைக் காணவே திரள்கின்றனர். அன்றோ அக்காட்சி வணக்கத்தின் வாயிலாக இருந்தது. குர்துபாவில் பணியாற்றி நிழற்கடிகாரக் கலையில் பெயர் பெற்ற இப்னுஸ் ஸஃப்பார், 1035இல் கண் மூடியது அந்தத் தானியாவில்தான்.

அங்கிருந்து உள்நாட்டில், ஜய்யான் நகரில், காஸியாக இருந்தவர் இப்னு முஆத் அல்ஜய்யானீ. வழக்குகளைத் தீர்த்த அந்த நீதிபதி, வைகறையைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கதிரவன் மறைந்த பின்னும் வெளிச்சம் ஏன் தங்குகிறது? உயரத்திலுள்ள ஆவிப்படலத்தின் மீது அதன் கதிர் படுவதனால் என்று கண்டார். கடைசி ஒளி மறையும்போது கதிரவன் 18, 19 பாகை அளவில் தாழ்ந்திருக்கிறது. பூமியின் சுற்றளவும் தெரியும். எனில் அப்படலத்தின் உயரத்தையும் கணிக்கலாமன்றோ? ஐம்பது மைல்களுக்குச் சற்று மேல் என்று கணித்தார்! 1079 ஜூலை 1இல் தம் ஊரில் கண்ட முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றியும் எழுதினார். வைகறை நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். 1542இல் லிஸ்பனில் அது அச்சேறியது. ஆனால் ஆசிரியர் இப்னுல் ஹைதம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1967இல்தான் ஆய்வாளர் ஸப்ரா உண்மையை நிலைநாட்டினார். 1487இல் மாலகாவும் 1492இல் கிரனாடாவும் வீழ்ந்தன; அரசு போயிற்று, அளவு நின்றது. இன்றும் வானியலார் 18 பாகையையே வைகறையின் எல்லையாகக் கொள்கின்றனர்.

அளவு ஒன்றே; ஆயினும் ஊருக்கு ஊர் விடியல் வேறு. மார்ச் 21ஐ ஒட்டி உலகெங்கும் கதிரவன் நேர் கிழக்கில் உதிக்கிறது. நாம் நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், இங்கு அது ஏறத்தாழ நெட்டுக்குத்தாக எழுகிறது. மாலகாவிலோ சாய்வாக எழுகிறது. ஆகவே சேலத்தில் ஏறத்தாழ 73 நிமிடங்களில் முடியும் வைகறை, அங்கு 90 நிமிடங்கள் நீள்கிறது. நம் அந்தி சட்டென்று இருண்டுவிடுவதன் காரணம் இதுவே.

இனி நம் சமவெளியின் வரலாற்றுக்கு வருவோம். 1792 மார்ச் மாதத்துச் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி கும்பினியார் கைக்கு மாறியது. அதே 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கும்பினியின் வானாய்வகம் எழுந்தது. 1860களில் சேலம் வழியே இரயில் ஓடலாயிற்று; அந்த வானாய்வகத்தின் சென்னை நேரமே இரயில்வே நேரமாயிற்று. 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொதுநேரம் வந்தது. இவ்வாறு நிலத்தின் ஆட்சி மாறியதைப் போலவே, நேரத்தின் ஆட்சியும் நம் வானத்தை விட்டு அகன்றது.

இது வெறும் பழங்கதையன்று. பொதுநேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகைக்கு மேற்கே நாம் இருப்பதால், நம் ஊர்க் கதிரவன் கடிகாரத்துக்கு 17 நிமிடங்கள் பிந்தியவன். சென்னைக்கும் நமக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 8 நிமிடங்கள் வேறுபாடு. இளவேனில் மாலையில் சென்னையின் மஃரிப் நேரத்தைக் கேட்டு, நாமக்கல்லில் ஒருவர் நோன்பு திறந்தால் என்னாகும்? கதிரவன் இன்னும் மேற்கு வானில் நிற்கும்! பகலெல்லாம் பசித்திருந்து காத்த நோன்பு, எட்டு நிமிட அவசரத்தால் பழுதாகும். ஒரு நிமிடம் தலையுயர்த்தி மேற்கே பார்த்திருந்தால் அப்பிழை நேர்ந்திராது.

கணக்கு வேண்டாம், கண்ணே போதும் என்பாரும், கண் எதற்கு, கணக்கே போதும் என்பாரும் நம்மிடையே உண்டு. மேகம் மூடிய நாளில் கண் உதவாது. ஊர் மாறிய அட்டவணை கணக்காகாது. அல்ஜய்யானீ போன்றோர் இரண்டையும் பகைவராகக் கருதவில்லை. கண்டதைக் கணித்தனர், கணித்ததை மீண்டும் கண்டு சரிபார்த்தனர். அந்த மரபின் வாரிசுகளாகிய நாம், அட்டவணையை மட்டும் பெற்றுக்கொண்டு பார்வையை இழந்து நிற்பது முறையாகுமா?

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: ஏதேனும் ஓர் இளவேனில் நாளில், சுபுஹு பாங்குக்கு முன் குழந்தைகளை மாடிக்கோ வயல்வெளிக்கோ அழைத்துச் செல்லுங்கள். கிழக்கே முகம் திருப்பி நில்லுங்கள். அடிவானத்தில் குறுக்கே படரும் முதல் வெண்மையைச் சுட்டிக்காட்டுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸ் நாட்டுக் காஸி ஒருவர் நோக்கி நின்றதும் இதே வெண்மையைத்தான். பாங்கொலி எழும்போது, அது எதற்காக எழுகிறது என்பதை அந்தப் பிஞ்சு உள்ளங்கள் வானத்தைக் கொண்டே அறிந்துகொள்ளும்.