யாரைச் சேர்ப்பது? அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டணிகள் சொல்லும் வரலாற்றுப் பாடம்



வரலாற்றுத் தாளில் "காரணங்களை ஆராய்க" என்று ஒரு கேள்வி வந்தால், நம் பிள்ளைகளில் பலர் கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அதைத் திருத்துவதற்காக நான் வகுப்பில் சொல்லும் ஒரு கதையை இங்கே தருகிறேன். பாடநூலில் இல்லாத கதை, அமெரிக்காவில் நடந்தது. கேள்வி என்னவோ எளிமையானதுதான்: பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுக் கூட்டணி வைத்திருக்கின்றன. புதிதாக யாரைச் சேர்க்கலாம்?

இதைக் கேட்டதும் ஒரு மாணவன் எழுந்து, "நல்லா விளையாடுறவங்களைத்தான் சேர்க்கணும் சார், வேற என்ன?" என்றான். நியாயமான பதில்தான். அது சரியா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

கூட்டணி என்றால் என்ன?

அமெரிக்காவில் இதைக் 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். மாநாடு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே விதிமுறைக்குக் கட்டுப்பட்டு, ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆட்டங்கள் வைத்து, வரும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் சங்கம் அது. கூடைப்பந்து, நீச்சல், திடல்தடம் என்று பல விளையாட்டுகள் உண்டு. ஆனால் பணம் கொண்டுவருவது பெரும்பாலும் அமெரிக்கக் காற்பந்துதான்.

முதல் அளவுகோல்: ஒழுங்கு

1895-இல் பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட், சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஹோட்டலுக்கு மற்ற சில பல்கலைக்கழகத் தலைவர்களை அழைத்தார். அந்தக் காலத்தில் காற்பந்து அணிகளில் மாணவரே அல்லாதவர்கள் காசு வாங்கிக்கொண்டு ஆடுவார்கள். இன்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் அடுத்த வாரம் இன்னொன்றுக்கு ஆடுவார். இதைக் கட்டுப்படுத்தத்தான் அந்தக் கூட்டம்.

மறு ஆண்டு, 1896 பிப்ரவரி 8-ஆம் தேதி, அதே ஹோட்டலில் கூட்டணி முறையாகப் பிறந்தது. சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்சின் என ஏழு உறுப்பினர்கள். நிருவாகம் பேராசிரியர்கள் கையில் இருந்தது. 1899-இல் இந்தியானா, அயோவா சேர்ந்தன. 1906-இல் விதிகள் கடுமையானதும் மிச்சிகன் முறைத்துக்கொண்டது. 1908-இல் வெளியேறி, 1917-இல்தான் திரும்பி வந்தது. இடையில் 1912-இல் ஒஹாயோ ஸ்டேட் சேர்ந்திருந்ததால் எண்ணிக்கை பத்தானது. 'பிக் டென்', அதாவது 'பெரிய பத்து' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

இந்தக் காலக்கட்டத்தில் உறுப்பினர்கள் எல்லாம் அக்கம் பக்கத்து மாநிலங்கள். இரயிலில் போய் ஆடிவிட்டு வந்துவிடலாம். விதிக்குக் கட்டுப்படுவாயா, பக்கத்தில் இருக்கிறாயா என்பவைதான் முக்கியக் கேள்விகள்.

காலியான ஒரு நாற்காலி

கூட்டணியைத் தொடங்கிய ஏழு பேரில் ஒருவரான சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் காற்பந்தில் புலி. தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1935-இல் முதன்முதலில் வாங்கியவர் அங்கே படித்த ஜே பெர்வாங்கர். ஆனால் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், பெரிய காற்பந்துக்கும் கல்விக்கும் ஒத்துவராது என்று கருதினார். 1939-இல் காற்பந்து அணியே கலைக்கப்பட்டது. அந்தத் திடலின் பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, தானே தொடர்ந்து நடக்கும் அணுக்கருத் தொடர்வினை முதன்முதலில் நிகழ்த்தப்பட்டது. 1946-இல் சிகாகோ கூட்டணியிலிருந்தே விலகியது.

ஓர் இடம் காலி. யாரைச் சேர்ப்பது? அப்போது மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் பல்கலைக்கழகம் என்ற பெயர்கூட கிடையாது. அது ஒரு வேளாண்மைக் கல்லூரி. அதன் தலைவர் ஜான் ஹானா, கூட்டணிக்குள் நுழைந்தால் கல்வியிலும் மதிப்பு உயரும் என்று கணக்குப் போட்டு விடாமல் முயன்றார். 1949-இல் இடம் கிடைத்தது. 1953-இல் காற்பந்துப் போட்டியில் நுழைந்த முதல் ஆண்டிலேயே பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 1955-இல் பல்கலைக்கழகம் என்ற பெயரும் வந்தது. நம் மாணவன் சொன்னது இந்த இடத்தில் ஓரளவு சரி. நன்றாக ஆடும் அணி சேர்ந்தது, சேர்ந்ததால் நிறுவனமும் வளர்ந்தது.

மேற்குக் கரையில் நடந்தது

இப்போது அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போவோம். 1915-இல் கலிபோர்னியா, வாஷிங்டன், ஒரிகன், இன்று ஒரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண்மைக் கல்லூரி ஆகிய நான்கும் சேர்ந்து பசிபிக் கரைக் கூட்டணியைத் தொடங்கின. பிறகு வாஷிங்டன் ஸ்டேட், ஸ்டான்ஃபர்டு, யூ.எஸ்.சி., ஐடஹோ, மொன்டானா, யூ.சி.எல்.ஏ. எல்லாம் சேர்ந்தன.

1956-இல் பெரிய நகரப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வீரர்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்தது. கூட்டணி தண்டனை விதித்தது. கசப்பு முற்றி 1959-இல் கூட்டணி கலைந்தது. உடனே கலிபோர்னியா, ஸ்டான்ஃபர்டு, யூ.சி.எல்.ஏ., யூ.எஸ்.சி., வாஷிங்டன் ஆகிய ஐந்தும் புதிய கூட்டணி அமைத்தன. ஒரிகன், ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ நான்கும் வெளியே நின்றன.

இந்த இடத்தில் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வாஷிங்டன் ஸ்டேட் இருப்பது புல்மன் என்ற சிற்றூரில். ஐடஹோ பல்கலைக்கழகம் இருப்பது மாஸ்கோ என்ற சிற்றூரில். இடையில் மாநில எல்லை ஓடுகிறது. தூரம் சுமார் 13 கிலோமீட்டர்தான். 1962-இல் வாஷிங்டன் ஸ்டேட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். 1964-இல் இரண்டு ஒரிகன்களும் சேர்ந்தன. ஐடஹோவை யாரும் கூப்பிடவே இல்லை. அது 1963-இல் வேறொரு சிறிய கூட்டணியைத் தொடங்கியவர்களோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு பெரிய கூட்டணிகள் பக்கம் அது திரும்ப முடியவே இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் ஒரே ஒரு சேர்க்கை முடிவு இரண்டையும் வேறு வேறு பாதையில் அனுப்பிவிட்டது.

1984: திருப்புமுனை

1950-களின் தொடக்கத்திலிருந்து கல்லூரிக் காற்பந்தில் எந்த ஆட்டம், எத்தனை ஆட்டம் தொலைக்காட்சியில் வரலாம் என்பதைத் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தீர்மானித்து வந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், தம் இளமையில் புகழ்பெற்ற காற்பந்து வீரர்.

தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டணியும் தன் ஆட்டங்களைத் தானே விற்கலாம் என்றானது. அன்றிலிருந்து, "இவரைச் சேர்த்தால் எத்தனை வீட்டில் டிவி போடுவார்கள்?" என்ற கேள்வி மேசைக்கு வந்துவிட்டது. 1990-இல் பென் ஸ்டேட் பிக் டென்னில் சேர்ந்தது. 2007-இல் பிக் டென் சொந்தமாக ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. கேபிள் சந்தா செலுத்தும் வீடு ஒவ்வொன்றிலிருந்தும் மாதாமாதம் ஒரு சிறு தொகை வரும். உறுப்பினர் உள்ள மாநிலம் என்றால் தொகை கூடுதல். 2011-இல் நெப்ராஸ்கா வந்தது. 2014-இல் மேரிலாந்தும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் சேர்க்கப்பட்டன. ரட்கர்ஸ் காற்பந்தில் அசைக்க முடியாத அணி ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே நியூயார்க் இருக்கிறதே! மேரிலாந்துக்குப் பக்கத்தில் தலைநகர் வாஷிங்டன். வீடுகளின் எண்ணிக்கைதான் பேசியது.

2022–2023: ஒரு நூற்றாண்டுக் கூட்டணி உடைகிறது

மேற்குக் கரைக் கூட்டணி இதற்குள் வளர்ந்து 'பேக்-12' ஆகியிருந்தது. 2022 ஜூன் 30-ஆம் தேதி, யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் 2024-இல் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸ் எங்கே, நியூ ஜெர்சி எங்கே! ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து பெர்லிஸ் வரை காரில் போனாலே ஆயிரம் கிலோமீட்டர் வராது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்தவர்களுக்குப் பெரிய ஒளிபரப்பு ஒப்பந்தம் அமையவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்டு 4-ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பேர் போய்விட்டார்கள்: ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் 'பிக் 12'-க்கு. செப்டம்பரில் ஸ்டான்ஃபர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் உறுப்பினர்! 'பெரிய பத்தில்' இப்போது பதினெட்டுப் பேர். பெயர் மட்டும் மாறவில்லை.

கடைசியில் யார் நின்றார்கள்? ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். 1959-இல் வெளியே நின்ற அதே இருவர்.

அப்படியானால் அவர்கள் ஆட்டத்தில் மோசமா? 2023 செப்டம்பர் 23-ஆம் தேதி இந்த இரண்டு அணிகளும் புல்மனில் மோதியபோது, இரண்டுமே நாட்டின் முதல் 25 இடங்களுக்குள் இருந்தன. புல்மனில் சுமார் 33,000 பேர். ஒரிகன் ஸ்டேட் இருக்கும் கொர்வாலிஸில் சுமார் 60,000 பேர். சின்ன ஊர், குறைந்த வீடுகள். ஆக, "நல்லா விளையாடுறவங்களைத்தான் சேர்க்கணும்" என்ற பதில் இங்கே நிற்கவில்லை.

விடப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது

கதை இதோடு முடிந்தால் நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. விட்டுச்சென்றவர்களுக்குக் கூட்டணியின் நிருவாகத்தில் உரிமை இல்லை என்று இருவரும் நீதிமன்றம் போய் வென்றார்கள். ஆனால் என்.சி.ஏ.ஏ. விதிப்படி உயர்நிலைக் காற்பந்துக் கூட்டணிக்குக் குறைந்தது எட்டு உறுப்பினர்கள் வேண்டும். இரண்டு ஆண்டுதான் அவகாசம். இப்போது அதே கேள்வி இவர்கள் முன்னால்: யாரைச் சேர்ப்பது?

2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய ஐந்தும் 2026-இல் வந்து சேர்வதாக அறிவிக்கப்பட்டது. ஐந்துமே மவுண்டன் வெஸ்ட் என்ற ஒரே கூட்டணியிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் கூட்டணியோ, 2024-க்கான ஆட்டங்களைத் தந்து இந்த இருவருக்கும் கைகொடுத்த கூட்டணி. உறுப்பினரை இழுத்தால் தண்டத்தொகை கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்தத் தொகை பற்றிய தகராறும் நீதிமன்றம் ஏறியது. பிறகு காற்பந்து ஆடாத கொன்சாகாவும், 2025-இல் எட்டாவது காற்பந்து அணியாக டெக்சஸ் ஸ்டேட்டும் ஒப்புக்கொண்டன.

தங்களுக்கு நேர்ந்ததையே அவர்கள் இன்னொருவருக்குச் செய்தார்களா? செய்தார்கள். வேறு வழி இருந்ததா? எட்டு என்ற எண்ணும் இரண்டு ஆண்டுக் கெடுவும் அவர்கள் கழுத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்து எழுதுபவரே காரணத்தை ஆராய்கிறார். ஒருவரைச் சேர்க்கும் முடிவு ஒவ்வொன்றிலும், விடப்படும் ஒருவரைப் பற்றிய முடிவும் சேர்ந்தே இருக்கிறது என்பதுதான் 1959-உம் 2023-உம் 2024-உம் ஒன்றாகச் சொல்லும் செய்தி.

தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்தலாம்?

"பேக்-12 ஏன் உடைந்தது?" என்று கேட்டால் மூன்று அடுக்காக எழுதிப் பழகுங்கள். உடனடிக் காரணம்: ஒளிபரப்பு ஒப்பந்தம் அமையாமல் 2023 ஆகஸ்டு 4-இல் ஐந்து பேர் வெளியேறியது. இடைக்காலக் காரணம்: 2022-இல் லாஸ் ஏஞ்சலஸின் இரு பல்கலைக்கழகங்களும் போக முடிவெடுத்தது. நீண்டகாலக் காரணம்: 1984 தீர்ப்பு சேர்க்கையின் அளவுகோலையே மாற்றியது. இதே மூன்று அடுக்கை நம் பாடத்திட்டத்தில் வரும் எந்தக் கூட்டமைப்பு, எந்தப் பிரிவினைக்கும் வைத்துப் பார்க்கலாம்.

வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. 1896, 1949, 2014 ஆகிய மூன்று காலத்திலும் ஒரு புதிய உறுப்பினரை மதிப்பிட்ட அளவுகோல் எவ்வாறு மாறியது?

2. வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ ஆகிய இரண்டின் பாதைகளை ஒப்பிடுக. ஊரின் அருகாமை மட்டும் ஏன் போதவில்லை?

3. 2024-இல் நீங்கள் ஒரிகன் ஸ்டேட்டின் தலைவராக இருந்தால், மவுண்டன் வெஸ்ட் உறுப்பினர்களை அழைத்திருப்பீர்களா? காரணம் கூறுக.

மூன்றாவது கேள்வியை அந்த மாணவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கூப்பிடத்தான் செய்வேன் சார். ஆனா அவங்ககிட்ட போய் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுக் கூப்பிடுவேன்" என்றான். அந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி கொடுப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.