பெட்டி நம்முடையது, வரைபடம் யாருடையது? – ஹேக்கின்டாஷ் கதை

நாமே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் ஆப்பிளின் மேக் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட வைப்பதற்கு 'ஹேக்கின்டாஷ்' என்று பெயர். இதைக் கேட்டதும் புலித்தோல் போர்த்திய கழுதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கதையில் வரும் கழுதைக்கும் புலிக்கும் உடம்பே வேறு. இங்கேயோ 2006-க்குப் பிறகு இரண்டுக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான்: அதே இன்டெல் பிராசசர், அதே ரக மெமரி, அதே ரக டிஸ்க். பிறகு ஏன் ஒன்று தானாக ஓடியது, இன்னொன்று ராத்திரி முழுக்க ஆளை உட்கார வைத்தது? சுமார் இருபது ஆண்டு நீடித்த இந்த வரலாறு இப்போது முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆகவே நமது மலரில் அதைப் பதிந்து வைப்பது பொருத்தமாக இருக்கும்.

வாசல்கள் பல

செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏ.சி. லேபுக்குள் நுழைந்த தலைமுறைக்கு 'டிரைவர்' என்ற சொல் புதிதல்ல. பிரின்டருக்கு 25 முனை கேபிள், மவுசுக்கு 9 முனை சீரியல் போர்ட், கீபோர்டுக்கு வட்டமான பிளக் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். சவுண்டு கார்டு மாட்டினால் ஐ.ஆர்.கியூ. எண் மோதும். 5-ஆம் எண்ணை இரண்டு கார்டுகள் கேட்டால் இரண்டுமே மக்கர் பண்ணும். கார்டைக் கழற்றி, ஜம்பரை மாற்றி, மறுபடி மாட்ட வேண்டும். பெட்டியின் மூடிக்கு ஸ்குரூ போடுவதையே பலர் விட்டுவிட்டோம்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட வந்ததுதான் யு.எஸ்.பி. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக் உள்ளிட்ட 7 கம்பெனிகள் சேர்ந்து 1996 ஜனவரியில் அதன் முதல் விதிமுறையை வெளியிட்டன. இன்டெல்லில் இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், நம் நாட்டவர். ஒரே வடிவ வாசல்; எதைச் சொருகினாலும் அது தன் பெயரைத் தானே சொல்லும்; ஒரு கன்ட்ரோலரின் கீழ் 127 கருவிகள் வரை இணையலாம். இதுதான் திட்டம்.

1998 ஆகஸ்டில் வெளிவந்த ஐமேக், ஃபிளாப்பி டிரைவையும் பழைய போர்ட்டுகளையும் கைவிட்டு, கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் யு.எஸ்.பி.யையே நம்பியது. இதை நினைவில் வையுங்கள். யு.எஸ்.பி.யை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் முன்னே நின்ற அதே ஆப்பிளின் சிஸ்டத்தில்தான், பிற்காலத்தில் ஹேக்கின்டாஷ்காரர்கள் யு.எஸ்.பி.யோடு மல்லுக்கட்டினார்கள்.

2005: கதவு திறந்தது

ஆப்பிள் தன் சிஸ்டத்தைப் பிறர் பெட்டியில் ஓட ஒருமுறை தானே அனுமதித்தது உண்டு. 1995-இல் பவர் கம்ப்யூட்டிங் முதலிய கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து அதை நிறுத்திவிட்டார். அப்போது மேக்கில் இருந்தது பவர்பிசி சிப். ஆகவே சாதாரண பி.சி.யில் அதை ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

2005 ஜூன் 6 அன்று, இனி மேக்குகள் இன்டெல் சிப்புக்கு மாறும் என்று ஜாப்ஸ் அறிவித்தார். புரோகிராம் எழுதுபவர்களுக்கு 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பொருத்திய சோதனைப் பெட்டிகளை 999 டாலருக்கு வாடகையாகக் கொடுத்தது ஆப்பிள். அதிலிருந்த சிஸ்டம் அந்த ஆண்டே வெளியே கசிந்தது. பூட்டு இருந்தது, பூட்டை உடைப்பவர்களும் இருந்தார்கள். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் கடைக்கு வரும் முன்பே, சாதாரண பி.சி.க்களில் மேக் திரை தெரிய ஆரம்பித்துவிட்டது.

அடுத்து வந்தவர்கள் முறையாக வேலை செய்தார்கள். ஆப்பிள் பெட்டி ஈ.எஃப்.ஐ. முறையில் துவங்கும், அன்றைய பி.சி.க்களோ பழைய பயாஸ் முறை. இடையில் நின்று, "இது ஆப்பிள் பெட்டிதான்" என்று சிஸ்டத்திடம் சொல்ல ஒரு பூட்லோடர் தேவைப்பட்டது. கமீலியன், பிறகு க்ளோவர், 2019 முதல் ஓப்பன்கோர் என்று இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆப்பிள் பெட்டியில் விசிறியையும் மின்சாரத்தையும் கவனிக்கும் எஸ்.எம்.சி. என்ற சிப் உண்டு. அதைப் போலப் பதில் சொல்ல ஃபேக்எஸ்எம்சி, பின்னர் வெர்சுவல்எஸ்எம்சி எழுதப்பட்டன.

டிரைவர் என்பது ஓர் அறிமுகக் கடிதம்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கார்டும் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த கம்பெனியின் எண், மற்றொன்று மாடலின் எண். இன்டெல்லின் கம்பெனி எண் 8086; அந்தப் புகழ்பெற்ற பழைய சிப்பின் பெயரேதான்! மேக் சிஸ்டத்தில் 'கெக்ஸ்ட்' எனப்படும் டிரைவர் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கும். எண் பொருந்தினால் வேலை நடக்கும். பொருந்தாவிட்டால், கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊமைதான்.

ஆகவே ஹேக்கின்டாஷ் கோளாறுகள் இரண்டே வகை. முதல் வகையில் டிரைவர் இருக்கும், அறிமுகம்தான் இருக்காது. ரியல்டெக் சவுண்டு சிப் இதற்கு நல்ல உதாரணம். சரியான 'லேஅவுட்' எண்ணைக் கொடுத்தால் பாட்டு கேட்கும். இரண்டாம் வகையில் டிரைவரே இருக்காது. 2018-இல் மொஹாவி பதிப்பு வந்தபோது புதிய என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் வரவேயில்லை. அந்தக் கார்டு வைத்திருந்தவர்கள் 2017-இன் ஹை சியராவிலேயே தங்கினார்கள், அல்லது ஏ.எம்.டி. கார்டு வாங்கினார்கள். முதல் வகைக்குப் பொறுமை மருந்து. இரண்டாம் வகைக்குப் பணம்தான் மருந்து. எந்த வகை என்று பார்க்காமலே இணையத்தில் கிடைத்த கெக்ஸ்டையெல்லாம் அள்ளிப் போட்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். வள்ளுவர் வைத்தியனுக்குச் சொன்ன வரிசை இங்கேயும் பொருந்தும்.

பதினைந்தின் கணக்கு

2015-இல் எல் கேப்பிடன் பதிப்பு வந்தது. யு.எஸ்.பி. பகுதியை ஆப்பிள் புதிதாக எழுதியிருந்தது. அன்று முதல் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான். அதென்ன 15? போர்ட்டின் முகவரியில் அதற்கென ஒதுக்கிய இடம் 4 பிட். 0 நீங்கலாக, 4 பிட்டில் 1 முதல் 15 வரைதான் எழுத முடியும். ஆப்பிள் பெட்டிகளில் இது போதும். பி.சி. மதர்போர்டில் போதாது. அதே 2015-இல் வந்த இன்டெல் இசட்170 சிப்செட்டில் மட்டும் 26 போர்ட்டுகள்.

"ஏம்ப்பா, என் பெட்டியில பின்னாடி ஆறு, முன்னாடி ரெண்டு, எட்டு ஓட்டைதானே இருக்கு? 26 எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீல நிற யு.எஸ்.பி. 3 வாசல் கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு. உள்ளே 9 முனைகள் இருக்கும். பழைய 480 மெகாபிட் வேகத்துக்கு ஒரு பாதை, 5 கிகாபிட் வேகத்துக்கு இன்னொரு பாதை. சிஸ்டம் இரண்டையும் தனித்தனிப் போர்ட்டாக எண்ணும். புளூடூத் போல மதர்போர்டுக்குள்ளேயே இணைந்திருக்கும் போர்ட்டுகளும் உண்டு. கம்பி இழுக்காமலே சிப்பில் மட்டும் இருப்பவையும் உண்டு.

இதோடு இன்னொரு குழப்பம். தன் பெட்டியை ஒரு குறிப்பிட்ட ஐமேக் மாடல் என்று ஹேக்கின்டாஷ்காரர் சொல்லியிருப்பார். சிஸ்டம் அதை அப்படியே நம்பி, அந்த ஐமேக்கின் போர்ட் வரைபடத்தை எடுத்து விரிக்கும். அடுத்த வீட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டில் சமையலறை தேடினால் என்ன ஆகும்?

ஆனதும் அதுதான். பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் துவங்கும். பாதியில் திரையில் குறுக்குக் கோடு போட்ட வட்டம் வந்து நிற்கும். பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவார்கள். உண்மைக் காரணம் வேறு. ஆரம்பத்தில் பென் டிரைவைப் படித்தது மதர்போர்டின் ஃபர்ம்வேர். பிறகு பொறுப்பேற்ற சிஸ்டம் தன் வரைபடத்தைப் பார்க்கிறது. அந்த வாசல் அதில் இல்லை. தான் வந்த வழியே அதற்குத் தெரியாமல் போய்விடுகிறது! யு.எஸ்.பி. 3 டிரைவ் நத்தை வேகத்தில் போனால், வரைபடத்தில் பழைய பாதி மட்டும் இருக்கிறது என்று பொருள். தூங்க வைத்த கம்ப்யூட்டர் உடனே விழித்துக்கொண்டால், புளூடூத் போர்ட் 'உள் இணைப்பு' என்று குறிக்கப்படாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்து எளிமையானது, உட்கார்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு யு.எஸ்.பி. 2 பென் டிரைவ், ஒரு யு.எஸ்.பி. 3 பென் டிரைவ், ஒரு தாள், ஒரு பென்சில். ஒவ்வொரு வாசலிலும் இரண்டையும் மாறி மாறிச் சொருகி, எந்தப் பெயர் விழித்துக்கொள்கிறது என்று எழுத வேண்டும். பிறகு 15-ஐப் பங்கிட வேண்டும். பின்னால் நான்கு நீல வாசல் 8, முன்னால் இரண்டு 4, புளூடூத் 1, கீபோர்டு மவுசுக்கு 2, ஆக 15. மீதியை மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூடிவிட வேண்டும். 15 என்ற வரம்பையே தூக்கிவிடும் குறுக்கு வழி ஒன்று இருந்தது. 2021 ஏப்ரலில் வந்த 11.3 பதிப்பில் அது உடைந்தது. குறுக்கு வழியை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். வரைபடம் எழுதியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சட்டத்தின் பக்கம்

ஆப்பிளின் உரிமம், தன் சிஸ்டத்தை ஆப்பிள் பெட்டியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்த சைஸ்டார் என்ற கம்பெனி 2008-இல் இத்தகைய பெட்டிகளை விற்கத் துவங்கியது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009-இல் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து விற்பனைக்குத் தடை விதித்தார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பு விற்றவர்களைப் பற்றியது என்றாலும், உரிம வாசகம் எல்லோருக்கும் பொது. இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைப் பெருமையாகப் பேசுவது நேர்மை ஆகாது.

முடிவும் மிச்சமும்

2020 ஜூனில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 வந்தது. 2025 ஜூன் 9 அன்று, டாஹோ பதிப்பே இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று சொல்லிவிட்டது. அதுவும் நான்கு இன்டெல் மாடல்களுக்கு மட்டும். ஹேக்கின்டாஷின் சாலை அத்துடன் முடிகிறது.

அப்படியானால் இத்தனை பேர் விழித்த இரவுகள் வீண்தானா? இல்லை என்பதற்குக் கண்கூடான சாட்சி உண்டு. ஆப்பிள் தானே விற்று, பிறகு 'பழசு' என்று புதிய பதிப்பு தர மறுத்த அசல் மேக்குகளில் புதிய பதிப்பை ஓட்டுவது எது தெரியுமா? ஓப்பன்கோரை அடிப்படையாகக் கொண்ட 'ஓப்பன்கோர் லெகசி பேட்சர்'. 2022-இல் வெஞ்சுரா பதிப்பு யு.எஸ்.பி. 1.1 டிரைவர்களை நீக்கியபோது, பல பழைய மேக்குகளில் இன்ஸ்டால் செய்யும் நேரத்தில் கீபோர்டும் மவுசும் செத்துப்போயின. இதற்குக் கண்ட வழி, நடுவில் ஒரு சாதாரண யு.எஸ்.பி. 2 ஹப்பைச் சொருகி, அதில் வேறு கீபோர்டையும் மவுசையும் மாட்டுவது! போலிப் பெட்டிக்காகக் கற்ற வித்தை, அசல் பெட்டியைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியது.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கைக்கு வரும் பெட்டிகள் பெரும்பாலும் ஒட்டி மூடப்பட்டவை. ஒன்று ஓடவில்லை என்றால் மாற்றிவிடு என்பதே வழக்கமாகிவிட்டது. ஹாஸ்டலில் யாரிடமாவது ஒரு பழைய பி.சி. கிடந்தால் எடுங்கள். சட்டச் சிக்கல் இல்லாத லினக்ஸைப் போடுங்கள். ஒவ்வொரு வாசலாகச் சொருகி, எந்தக் கன்ட்ரோலர், எந்த எண், எந்த டிரைவர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓடும் நிலையில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். அந்தத் தாளை லேப் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். அடுத்த ஆண்டு வருபவருக்கு அது உதவும்.