ஹாஸ்டலிலிருந்து போன ராஜன்

நண்பர்களே, மலர் என்றாலே ஹாஸ்டல் கதைகள் இருக்கும். இதுவும் ஹாஸ்டல் கதைதான்; சிரிக்கத்தான் முடியாது.

எமர்ஜென்சி காலம். 1976 மார்ச் 1, விடியற்காலை. கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினீயரிங் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.) மாணவர் ராஜன் கலைவிழாவுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கியதில் சந்தேகம் என்று போலீஸ் அவரைப் பிடித்துப் போனது. கக்கயம் முகாமில் பெஞ்சில் கிடத்தி, தொடைமேல் உலக்கையை அழுத்தி உருட்டுவார்களாம். அங்கே போன பிள்ளை வீடு திரும்பவே இல்லை.

கைதான செய்தியை அப்பாவுக்கு எழுதி அனுப்பியவர் பிரின்சிபால். அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், ஒரு வருஷம் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். எமர்ஜென்சி நீங்கியதும், 1977 மார்ச்சில், கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று சாதித்தது அரசு. பிரின்சிபாலும் நேரில் பார்த்தவர்களும் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் அவர்களைத்தான் நம்பியது.

எமர்ஜென்சியில் உள்துறை அமைச்சராக இருந்து முதல்வரான கருணாகரன், ஏப்ரலில் ராஜினாமா செய்தார். சித்திரவதையில் ராஜன் இறந்ததை அரசுத் தரப்பே பிறகு ஒப்புக்கொண்டது. கோயம்புத்தூரில் நடந்த வழக்கில் தண்டனை பெற்ற அதிகாரிகள் அப்பீலில் தப்பினார்கள். உடல் கிடைக்கவில்லை. 2006-இல் வாரியரும் காலமானார்.

ஆனாலும் அரசாங்கத்தின் பொய் உடைந்தது. எதனால்? ஒரு கல்லூரி தன் மாணவனைக் கைவிடாமல் கண்டதைச் சொன்னதால். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும் என்று உச்சநீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் உத்தரவிட்டது 1996-இல்தான்.

தம்பி தங்கைகளே, பக்கத்து ரூம்காரனை யாராவது கூட்டிப்போனால் சும்மா இருந்துவிடாதீர்கள். யார், எப்போது, எங்கே என்று எழுதி வையுங்கள்.