இரண்டு விதமான கூட்டம்

வன்முறைக்கு ஆளானவர்களை ஒன்றாக உட்காரவைப்பதைச் சமூகப்பணி வகுப்பில் ‘குழுப்பணி’ என்கிறார்கள். யார் கூட்டுகிறார்கள், எதற்காகக் கூட்டுகிறார்கள் என்பதை வரலாறுதான் சொல்லித்தரும்.

1914இல் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது குற்றப் பழங்குடிச் சட்டம் பாய்ந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்ற முத்திரை, கைரேகை, இரவு வருகைப் பதிவு. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். அரசு ஊரைக் கூட்டியது, ஒவ்வொருவரையும் தலைகுனிய வைக்க. அதே சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் 16 பேர் உயிரிழந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கூட்டத்தைத் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி காட்டியது. 1992 ஜூன் 20இல் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தனித்தனியாக இருந்திருந்தால் அச்சம் வாயை அடைத்திருக்கும். மலைவாழ் மக்கள் சங்கம் துணைநிற்க, சேர்ந்து நின்று சாட்சி சொன்னார்கள். 2011இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

தோழர்களே, வன்கொடுமை நடந்த சேரிக்குப் படிவத்தோடு போய் ஒவ்வொருவரிடமும் கதை கேட்பது இன்னொரு வருகைப் பதிவுதான். முதலில் அவர்கள் ஒருவர் பேச மற்றவர் கேட்க உட்காரட்டும். வெளியே எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.